அறங்காவலரை நீக்கும் முன்…



ஆனையூர் 2011-இல் மதுரை மாநகராட்சியோடு இணைந்தது. வயலும் கண்மாயுமாக இருந்த நம் வட்டாரத்தில் ஏக்கர் கணக்கில் கைமாறிய நிலம், இன்று சென்ட் கணக்கில் விலை பேசப்படுகிறது. இந்த விலையேற்றம் சொந்த நிலத்தோடு நிற்கவில்லை. தாத்தாவும் பாட்டியும் தண்ணீர்ப்பந்தலுக்கு, மண்டகப்படிக்கு, குலதெய்வக் கோயில் பூசைக்கு, ஏழைப் பிள்ளைகளின் படிப்புக்கு என்று எழுதிவைத்த துண்டு நிலங்களின் மதிப்பும் சேர்ந்தே ஏறியிருக்கிறது. ஆண்டுக்குச் சில மூட்டை நெல் வந்துகொண்டிருந்தவரை யாரும் கவனிக்காத தருமச் சொத்து, பக்கத்தில் தார்ச்சாலை வந்ததும் குடும்பத்தில் பேச்சாகிவிடுகிறது.

அந்தப் பேச்சு பெரும்பாலும் இரண்டு கேள்விகளில் வந்து முட்டுகிறது. “சித்தப்பா கணக்கே காட்ட மாட்டேங்கிறார், அவரை டிரஸ்டி பொறுப்பிலிருந்து எடுத்துவிட முடியுமா?” என்பது ஒன்று. “அத்தை மக்களுக்கும் உண்டு என்று தாத்தா எழுதிவிட்டார், அவர்கள் பெயரை நீக்க வழி இருக்கிறதா?” என்பது மற்றொன்று. இந்த மாதப் பக்கத்தை இந்த இரண்டு கேள்விகளுக்காகவே ஒதுக்குகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அறக்கட்டளையை எழுதிவைத்தவர், கையெழுத்திட்டுச் சொத்தை ஒப்படைத்த பிறகு அதற்கு முதலாளி அல்லர். நிர்வகிக்கும் அறங்காவலர் ஒருநாளும் முதலாளி அல்லர். பயன்பெறுபவருக்கும் பத்திரம் சொல்லும் அளவுக்குத்தான் உரிமை. ஆகவே, யாரை நீக்க நினைத்தாலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இதனால் அந்தத் தருமம், எழுதிவைத்தவர் நினைத்தபடி நன்றாக நடக்குமா? ‘ஆம்’ என்று மனசாட்சியோடு சொல்ல முடிந்தால் நீக்கத் தயங்க வேண்டாம். சொல்ல முடியாவிட்டால் அந்த முயற்சியையே விட்டுவிட வேண்டும்.

நம்மில் பலர் அறக்கட்டளையையும் சங்கத்தையும் ஒன்றாக நினைக்கிறோம். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன்படி பதிவான சங்கத்துக்குப் பொதுக்குழு உண்டு. உறுப்பினர்கள் கூடி வாக்களித்து நிர்வாகிகளை மாற்றலாம். அறக்கட்டளையில் பொதுக்குழு கிடையாது. ஐந்து டிரஸ்டிகளில் நான்கு பேர் ஒன்றுகூடித் தீர்மானம் போட்டாலும், அப்படி நீக்கலாம் என்று பத்திரத்தில் எழுதியிருந்தால் ஒழிய ஐந்தாமவரை வெளியேற்ற முடியாது. எழுதப்படாத அதிகாரத்தை மெஜாரிட்டி தந்துவிடாது. குடும்பச் சண்டைகள் பலவும் இந்த இடத்தில்தான் தவறான பாதையில் திரும்புகின்றன. மினிட் புத்தகத்தில் இரண்டு வரி எழுதி, வங்கிக்கு ஒரு கடிதம் கொடுத்துவிட்டு, “உன்னை நீக்கியாச்சு” என்று சொல்லிவிடுகிறார்கள். அந்த நீக்கம் நீதிமன்றத்தில் நிற்பதில்லை. தருமம் நின்றுபோவதுதான் மிச்சம்.

முறையான வழி எது? அது அறக்கட்டளையின் வகையைப் பொறுத்தது. குடும்பத்தார் நலனுக்கென்று எழுதிய தனியார் அறக்கட்டளை என்றால் 1882-ஆம் ஆண்டின் இந்திய அறக்கட்டளைகள் சட்டம் பொருந்தும். அறங்காவலர் எப்படி விடுபடுவார் என்பதை அதன் 71-ஆம் பிரிவு சொல்கிறது. பத்திரத்தில் எழுதிய வழியில் விடுபடலாம். அவரும், ஒப்பந்தம் செய்யும் தகுதியுள்ள பயனாளிகள் அனைவரும் சம்மதித்தால் விடுபடலாம். நீதிமன்றமும் விடுவிக்கலாம். ஒருவர் இறந்துவிட்டால், நொடித்துப்போனால், தொடர்ந்து ஆறு மாதம் நாட்டில் இல்லாவிட்டால், பொறுப்புக்குத் தகுதியற்றவர் என்று நீதிமன்றம் கருதினால் அவரிடத்தில் புதியவரை அமர்த்த 73-ஆம் பிரிவு இடம் தருகிறது. சிங்கப்பூரிலும் துபாயிலும் குடியேறிவிட்ட உறவினர் பெயரை டிரஸ்டியாக வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கையெழுத்துக்கும் காத்திருக்கும் குடும்பங்கள் இந்தப் பிரிவைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஊருக்காக எழுதிய பொது அறக்கட்டளை என்றால் கதை வேறு. மகாராஷ்டிரத்தில் 1950 முதல் பொது அறக்கட்டளைகளுக்கென்று தனிச் சட்டமும், அறக்கட்டளை ஆணையரும் உண்டு. தமிழ்நாட்டில் அப்படி எல்லாப் பொது அறக்கட்டளைகளுக்குமான ஒரே ஆணையர் இல்லை. பள்ளிக்கூடம், அன்னதானம், மருத்துவ உதவி போன்ற பொது அறக்கட்டளையில் தவறு நடந்தால், 1908-ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் உள்ள 92-ஆம் பிரிவுதான் கதவு. அந்த அறத்தில் அக்கறை உள்ள இரண்டு பேர் போதும். நீதிமன்றத்தின் அனுமதி பெற்று வழக்குத் தொடுக்கலாம். அறங்காவலரை நீக்கவும், புதியவரை அமர்த்தவும், கணக்கு ஒப்படைக்கச் செய்யவும், நிர்வாகத் திட்டம் வகுக்கவும் நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு.

இந்துக் கோயில்களுக்கும் மடங்களுக்கும் 92-ஆம் பிரிவு பொருந்தாது. அங்கே 1959-ஆம் ஆண்டின் இந்து சமய, அறக்கொடைகள் சட்டம் ஆள்கிறது. கோயில் அறங்காவலர் வரவுசெலவுக் கணக்கைத் தொடர்ந்து தராமல் இருந்தாலோ, சொத்தைக் கையாடினாலோ, கடமையைக் கைவிட்டாலோ 53-ஆம் பிரிவின்கீழ் நீக்கலாம். அதிலும் குற்றச்சாட்டை எழுத்தில் கொடுத்து, அவர் தரப்பைக் கேட்ட பிறகே நீக்க வேண்டும். பள்ளிவாசல், தர்கா வக்ஃபுகளில் முத்தவல்லியை நீக்கும் அதிகாரத்தை வக்ஃபு சட்டத்தின் 64-ஆம் பிரிவு வாரியத்துக்குத் தருகிறது. மதம் எதுவானாலும் சட்டத்தின் பார்வை ஒன்றுதான்: பொறுப்பில் இருப்பவர் கணக்குச் சொல்லக் கடமைப்பட்டவர்.

மடாதிபதியின் பொறுப்பும் இதற்கு விலக்கல்ல என்பதை மதுரை நம் கண் முன்னே பார்த்தது. தெற்கு ஆவணி மூல வீதியில் இருக்கும் மதுரை ஆதீனம், திருஞானசம்பந்தரோடு தொடர்புபடுத்திப் போற்றப்படும் பழமையான சைவ மடம். 2012 ஏப்ரலில், 292-ஆவது குருமகா சந்நிதானமாக இருந்த அருணகிரிநாதர், நித்யானந்தாவை 293-ஆவது பட்டத்துக்கு உரியவராக அறிவித்தார். மற்ற ஆதீனங்களும் பக்தர்களும் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். அதே ஆண்டில் அரசு, இந்து சமய, அறக்கொடைகள் சட்டத்தின் 59-ஆம் பிரிவைக் கையில் எடுத்து, அருணகிரிநாதரையே மடத்தின் அறங்காவலர் பொறுப்பிலிருந்து நீக்கக் கோரி மதுரை நீதிமன்றத்தை நாடியது. அக்டோபரில் அருணகிரிநாதர், நித்யானந்தாவின் நியமனத்தை ரத்து செய்வதாக அறிவித்தார். 2021 ஆகஸ்டில் அவர் மறைந்த பிறகு ஹரிஹர ஸ்ரீ ஞானசம்பந்த தேசிக சுவாமிகள் 293-ஆவது சந்நிதானமாகப் பொறுப்பேற்றார்.

59-ஆம் பிரிவை ஒருமுறை நிதானமாகப் படித்துப் பாருங்கள். மடத்தின் பணத்தை மடத்துக்குத் தொடர்பில்லாத காரியத்துக்குச் செலவிடுவது, சொத்தை விரயம் செய்வது, மடத்து வருமானத்தைத் தனக்குரிய பாதகாணிக்கையாக மாற்றிக்கொள்ளத் தந்திரம் செய்வது, பொறுப்புக்கு இழுக்கு வரும்படி வாழ்வது, கடமையை வேண்டுமென்றே தொடர்ந்து தவறவிடுவது எல்லாம் நீக்கத்துக்கான காரணங்களாக அதில் வரிசையாக எழுதப்பட்டிருக்கின்றன. இந்து சமய அறநிலையத் துறை ஆணையர் வழக்குப் போடலாம். ஆணையரின் எழுத்துமூலமான ஒப்புதலோடு, அக்கறை உள்ள இரண்டு பேரும் போடலாம். பட்டம் எவ்வளவு உயர்ந்ததானாலும் சாதாரண பக்தனின் கேள்விக்கு அங்கே இடம் வைக்கப்பட்டிருக்கிறது. இதைப் பெருமையாகவே நினைக்கிறேன்.

அறங்காவலர்களுக்குள் மனக்கசப்பு இருப்பதே நீக்கக் காரணமாகுமா என்று பலர் கேட்பார்கள். இதற்கு 1884-இல் லண்டன் பிரிவி கவுன்சில் தந்த பதிலை இன்றும் உலகெங்கும் நீதிபதிகள் எடுத்துக்காட்டுகிறார்கள். தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதியிலிருந்து போன லெட்டர்ஸ்டெட் வழக்கு அது. பயனாளியும் அறங்காவலரும் முகம் பார்த்துப் பேசாமல் இருப்பது மட்டும் போதாது. பயனாளிகளின் நலனும் அறத்தின் நடப்பும் அதனால் கெடுமா என்பதையே பார்க்க வேண்டும். கெடுமென்றால், பெரிய குற்றம் எதுவும் நிரூபிக்கப்படாவிட்டாலும் விலக்கலாம். அறங்காவலரைத் தண்டிப்பது இங்கே நோக்கமல்ல, அறத்தைக் காப்பாற்றுவதே நோக்கம். சித்தப்பாவை நீக்க நினைக்கும் அண்ணன் மகன், தன் கோபத்தைக் கொஞ்சம் தள்ளிவைத்துவிட்டு இந்த அளவுகோலால் அளந்து பார்க்க வேண்டும்.

சரியான நேரத்தில் நீதிமன்றம் தலையிட்டால் என்ன விளையும் என்பதற்குச் சென்னைப் பச்சையப்பன் அறக்கட்டளையே சாட்சி. பச்சையப்ப முதலியார் 1794-இல் மறைந்தார். அறங்களுக்கென்று அவர் உயிலில் விட்டுச்சென்ற செல்வம் நெடுங்காலம் அறத்துக்குப் போய்ச் சேராமல் வழக்கில் கிடந்தது. நீதிமன்றம் அதை மீட்டுத் திட்டம் வகுத்துக் கொடுத்த பிறகுதான் 1842-இல் பச்சையப்பன் பள்ளி திறந்தது. பின்னர் கல்லூரியாக வளர்ந்த அந்தப் பள்ளியில் படித்து முன்னேறிய குடும்பங்கள் தமிழகம் முழுவதும் இருக்கின்றன. பொறுப்பில் இருந்தவர்களிடம் யாரும் கணக்குக் கேட்காமல் விட்டிருந்தால் இது நடந்திருக்காது.

இப்போது இரண்டாவது கேள்விக்கு வருவோம். பயனாளியை நீக்குவது அறங்காவலரை நீக்குவதைவிடக் கடினமானது. அப்படித்தான் இருக்கவும் வேண்டும். இந்தக் கேள்வி மதுரை மண்ணில் எவ்வளவு பெரிய போராட்டமாக வெடித்தது என்பதை இளைய வாசகர்கள் அறிய வேண்டும்.

1897 மே மாதத்தில் கமுதியில் நாடார் சமூகத்தார் சிலர் மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நுழைந்து வழிபட்டார்கள். கமுதி அப்போது மதுரை மாவட்டத்தில் இருந்தது. கோயிலின் பரம்பரை அறங்காவலரான இராமநாதபுரம் பாஸ்கர சேதுபதி, அவர்களுக்கு நுழைய உரிமை இல்லை என்று வழக்குத் தொடுத்தார். மதுரை நீதிமன்றம் 1899-இல் நாடார்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. மேல்முறையீடு நடந்துகொண்டிருக்கும்போதே சேதுபதி சமரசத்துக்கு இணங்கி, அவர்களை உள்ளே விட ஒப்புக்கொண்டார். அந்தச் சமரசம் நிற்கவில்லை. கோயில் வழக்கப்படி உரிமை இல்லாதவர்களை உள்ளே விட அறங்காவலர் ஒப்புக்கொள்வது நம்பிக்கை மீறல் என்றது சென்னை உயர் நீதிமன்றம். 1908-இல் பிரிவி கவுன்சிலும் அதையே உறுதி செய்தது.

யாருக்கு வழிபடும் உரிமை உண்டு என்ற கேள்வியில் அந்தத் தீர்ப்பு மனித நியாயத்துக்கு முற்றிலும் எதிரானது. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கடவுளின் முன் நிற்கும் உரிமையை வழக்கத்தின் பெயரால் ஒரு சமூகத்துக்கு மறுத்தது அநீதி. ஆனால் அந்த வழக்கிலிருந்து வேறொரு சட்ட உண்மையும் வெளிப்பட்டது. பயனாளிகள் யார் என்பதை அறங்காவலர் தன் விருப்பத்தால் மாற்ற முடியாது. கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது. அப்படியானால் அநீதியான பட்டியலை மாற்றுவது யார்? மக்கள் மன்றமும், அது இயற்றும் சட்டமும்தான்.

அதுவும் மதுரையில்தான் நடந்தது. 1939 ஜூலை 8 அன்று அ.வைத்தியநாத ஐயர், கக்கன், முத்து, சின்னையா, பூரணலிங்கம், முருகானந்தம் ஆகிய ஐந்து தாழ்த்தப்பட்ட சமூகத் தோழர்களோடும் சண்முக நாடாரோடும் மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நுழைந்தார். கோயில் நிர்வாக அதிகாரி ஆர்.எஸ்.நாயுடு அவர்களை வரவேற்றார். கமுதித் தீர்ப்பு நடைமுறையில் இருந்த காலம் அது. உள்ளே விட்ட அதிகாரி மீதே வழக்கு வரலாம். அதனால்தான் ராஜாஜி அரசு அதே ஆண்டில் ஆலயப் பிரவேச அனுமதி மற்றும் பாதுகாப்புச் சட்டத்தைக் கொண்டுவந்து, கோயிலைத் திறந்துவிட்டவர்களுக்குச் சட்டப் பாதுகாப்புத் தந்தது. 1947-இன் சட்டம் சென்னை மாகாணக் கோயில்களில் எல்லா வகுப்பு இந்துக்களுக்கும் நுழையும் உரிமையை உறுதிசெய்தது. பயனாளிகளை விலக்கிவைத்த ஒரு பெரும் தவறைத் திருத்த, கமுதியிலிருந்து கணக்கிட்டால் ஐம்பது ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. ஒருவரை விலக்குவது எளிது, திரும்பச் சேர்ப்பது தலைமுறைகளைத் தின்னும் வேலை என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

குடும்ப அறக்கட்டளைக்கும் இந்தப் பாடம் பொருந்தும். எழுதிவைத்தவரே உயிரோடு இருந்தாலும், திரும்பப் பெறும் அதிகாரத்தைப் பத்திரத்தில் தனக்கென்று வெளிப்படையாக வைத்துக்கொள்ளாவிட்டால், நினைத்தபோது அதை ரத்துசெய்ய முடியாது என்கிறது 1882-இன் சட்டத்தில் 78-ஆம் பிரிவு. உயிலில் எழுதியிருந்தால் வாழும் காலத்தில் மாற்றலாம். மற்றபடி, பயனாளிகள் எல்லோரும் ஒப்பந்தம் செய்யும் தகுதியோடு இருந்து, எல்லோரும் சம்மதிக்க வேண்டும். மைனர் பிள்ளை ஒன்று பட்டியலில் இருந்தாலே அந்த வழி அடைபடும். இனிப் பிறக்கப்போகும் பேரப்பிள்ளைகளுக்கும் என்று எழுதியிருந்தால் இன்னும் கடினம். ஒரு பயனாளி தானாக முன்வந்து, “எனக்கு வேண்டாம்” என்று அறங்காவலரிடம் தெரிவித்து விலகிக்கொள்ள 9-ஆம் பிரிவு வழி தருகிறது. அந்த விருப்பம் அவருடையதாக இருக்க வேண்டும். கல்யாணமாகிப் போன பெண்ணிடம் வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்குவது விருப்பம் ஆகாது. சீர் செய்தோம், நகை போட்டோம் என்று சொல்லி அவள் பெயரைப் பத்திரத்திலிருந்து அடிக்க யாருக்கும் உரிமை இல்லை.

ஊருக்கென்று எழுதியதில் பயனாளி ஊர்தான். சித்திரைத் திருவிழாவில் கள்ளழகர் மூன்றுமாவடி, புதூர், தல்லாகுளம் என்று மண்டகப்படி மண்டகப்படியாக நின்று வருகிறார். அந்த மண்டகப்படிகளையும் வழியெங்கும் நிற்கும் தண்ணீர்ப்பந்தல்களையும் நடத்த யாரோ ஒருவர் நிலத்தையோ பணத்தையோ விட்டுச்சென்றிருப்பார். வெயிலில் நடந்துவரும் முகம் தெரியாத பக்தர்தான் அதன் பயனாளி. அவரை எந்தக் குடும்பமும் நீக்க முடியாது.

இனி செய்ய வேண்டியவற்றைச் சொல்கிறேன். புதிதாக அறக்கட்டளை எழுதுகிறவர்கள், ஆவண எழுத்தர் வைத்திருக்கும் பழைய மாதிரியில் பெயரை மட்டும் மாற்றி எழுதாதீர்கள். அறங்காவலரின் பதவிக்காலம் எத்தனை ஆண்டு, எந்தக் காரணங்களுக்கு நீக்கலாம், எத்தனை பேர் வாக்களித்தால் நீக்கம் செல்லும், நீக்கும் முன் எத்தனை நாள் நோட்டீஸ், காலியிடத்தில் யார் வருவார், ஆண்டுக்கணக்கை யாரிடம் எந்த மாதத்துக்குள் காட்ட வேண்டும் என்பதையெல்லாம் தெளிவாக எழுதுங்கள். குடும்பத்தில் அன்பு நிறைந்திருக்கும் நாளில்தான் இதை எழுத முடியும். சண்டை வந்த பிறகு எழுத முடியாது. குடும்பத்துக்கு வெளியே நேர்மையான ஒருவரையாவது டிரஸ்டியாகச் சேருங்கள்.

ஏற்கெனவே இருக்கும் அறக்கட்டளையில் சந்தேகம் எழுந்தால், முதலில் பத்திரத்தின் சான்றிட்ட நகலைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் வாங்கிப் படியுங்கள். பிறகு எழுத்துமூலம் கணக்குக் கேளுங்கள். பதில் வரக் காலம் கொடுங்கள். பதில் வராவிட்டால் வழக்கறிஞரைப் பாருங்கள். “இருபது வருஷம் ஆச்சு, இனி கேட்க முடியாது” என்று யாராவது சொன்னால் அப்படியே நம்பிவிடாதீர்கள். குறிப்பிட்ட நோக்கத்துக்காக ஒப்படைக்கப்பட்ட சொத்தை அறங்காவலரிடமிருந்து மீட்கவும், கணக்குக் கேட்கவும் தொடுக்கும் வழக்குக்குக் காலவரையறை இல்லை என்கிறது 1963-இன் காலவரையறைச் சட்டத்தில் 10-ஆம் பிரிவு. முறைப்படி நீக்கம் நடந்துவிட்டால் அத்தோடு வேலை முடியவில்லை. வங்கிக் கையெழுத்து, பட்டா, வருமான வரித்துறைப் பதிவு எல்லாவற்றிலும் புதியவர் பெயர் ஏறியதா என்று சரிபாருங்கள்.

இன்று டிரஸ்டியாக இருக்கும் அன்பர்களிடமும் ஒரு வேண்டுகோள். முடியவில்லை என்றால் முறைப்படி விலகிக்கொள்ளுங்கள். அதில் அவமானம் இல்லை. ஆனால் பொறுப்பை ஏற்றபின் சொல்லாமல் கொள்ளாமல் கைவிட உங்களுக்கு உரிமை இல்லை, அதை இன்னொருவர் தலையில் கட்டவும் உரிமை இல்லை. கணக்குக் கேட்பவரை எதிரியாகப் பார்க்காதீர்கள். அவர் கேட்பது உங்கள் சொத்தின் கணக்கை அல்ல.

வாசகர்களே, இந்த மாதம் உங்கள் வீட்டுப் பீரோவில் இருக்கும் தருமப் பத்திரத்தை வெளியே எடுங்கள். வீட்டில் எல்லோரும் கூடியிருக்கும்போது, பெண்களும் பிள்ளைகளும் கேட்கும்படி வாய்விட்டுப் படியுங்கள். எழுதியபடி நடக்கிறதா என்று பாருங்கள். நடக்கவில்லை என்றால், யாரை நீக்குவது என்று தொடங்காமல், எதைச் சரிசெய்வது என்று தொடங்குங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்